ஒளி என்று வாசித்தேன்

ஏழாம் மாதத்தில் என் குழந்தை ஒளிந்துகொண்டது.

அதன்மேல் தப்பில்லை. சொன்னதைத்தான் செய்தது. சொன்னது நான். வாயால் சொன்னேனே தவிர மனசால் சொல்லவில்லை. வயிற்றுக்குள் இருக்கிறவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரியாது.

வயிற்றுப் பிள்ளைக்குத் தினமும் சத்தமாக வாசித்துக் காட்ட வேண்டும் என்று டாக்டர் மரகதம் சொல்லியிருந்தார். எதை வாசிப்பது என்று அவர் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் புத்தகம் என்று பெரிதாக எதுவும் கிடையாது. முதலில் குக்கரோடு கொடுத்த விளக்கத் தாளை வாசித்தேன். குழந்தை கண்டுகொள்ளவில்லை. பிறகு பீரோவில் கிடந்த கல்யாணப் பத்திரிகைகளை வாசித்தேன். மாப்பிள்ளை வீட்டார், பெண் வீட்டார், தாய்மாமன்மார் எல்லாரையும் வாசித்தேன். குழந்தைக்கு அவர்களில் ஒருவரையும் தெரியவில்லை. கடைசியில் என் கணவர் தனபால் பரண்மேல் ஏறித் தன் பள்ளிக்கூடப் புத்தகங்களை இறக்கிக் கொடுத்தார்.

தமிழ்ப் புத்தகத்தில் செய்யுளுக்கு என்னென்ன உறுப்புகள் என்று ஒரு பாடம் இருந்தது. "எழுத்து" என்று வாசித்தேன். ஒன்றும் நடக்கவில்லை. "அசை" என்று வாசித்தேன். குழந்தை அசைந்தது. "சீர்" என்றேன். சும்மா கிடந்தது. அடுத்து "தளை". தொப்புள்கொடியை நினைத்து அந்தச் சொல்லை வாசிக்காமல் தாண்டினேன். அதற்கடுத்தது "அடி". வாசித்தேன். விலாவில் ஓர் உதை விழுந்தது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. வலியால் அல்ல. நான் ஈரோடு பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த ஊர் பஸ் எந்த நடைமேடையில் நிற்கிறது என்று ஒலிபெருக்கியில் சொல்வது என் வேலை. நான் மூன்றாம் நடைமேடை என்றால் ஜனங்கள் ஐந்தாம் நடைமேடைக்கு ஓடுவார்கள். அங்கே போய்ப் பக்கத்தில் நிற்கிறவரிடம் கேட்பார்கள். அவர் சொன்னால் நம்புவார்கள். என் குரலைக் கேட்டு ஒருவர் அதன்படி நடந்துகொண்டது அதுதான் முதல் தடவை.

தனபாலைக் கூப்பிட்டு மறுபடியும் "அடி" என்றேன். அடித்தது.

"ஏனுங்க, சொல்பேச்சு கேக்குதுங்க" என்றேன்.

"நம்ம கொழந்தயா?" என்றார் அவர். தன் வம்சத்தில் அப்படி ஒன்று பிறக்கும் என்று அவரால் நம்ப முடியவில்லை.

மறுநாள் அறிவியல் புத்தகம். பாடத்தின் தலைப்பு ஒரே ஒரு சொல். ஒலிபெருக்கியில் சொல்வதுபோல நிறுத்தி, தெளிவாக, நல்ல சத்தத்தில் வாசித்தேன்.

"ஒளி."

அது வெளிச்சத்தைப் பற்றிய பாடம். குழந்தைக்கு அது பாடம் என்றே தெரியாது. உள்ளே சின்னக் கால்கள் ஓடுகிற சத்தம் கேட்டது. ஒரு கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. தாழ்ப்பாள் போடுகிற சத்தமும் கேட்டது.

"அசை" என்றேன். எங்கோ தள்ளி எதுவோ அசைந்தது. "அடி" என்றேன். எங்கோ ஒரு சுவரில் குத்துகிற சத்தம் வந்தது. என்மேல் படவில்லை. வயிறு அதே அளவில்தான் இருந்தது. ஆனால் சாமானைக் காலி செய்த அறை மாதிரி லேசாக இருந்தது.

காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். நான், தனபால், தனபாலின் அக்கா கலாமணி. கலாமணியை நான் நங்கை என்று கூப்பிடுவேன். கணவரின் அக்காளை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவது. கல்யாணமாகி ஒன்பது வருஷம் எனக்குக் குழந்தை இல்லை. அந்த ஒன்பது வருஷத்தில் நங்கை ஒரு கோயில் பாக்கி விடவில்லை. அதனால் இந்தக் குழந்தையில் தனக்கும் ஒரு பங்கு உண்டு என்று நினைக்கிறவர். நினைத்துவிட்டுப் போகட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

டாக்டர் மரகதம் ஜெல் தடவி வயிற்றின்மேல் ஸ்கேன் கருவியை வைத்தார். திரையில் ஒரு நடை தெரிந்தது. சிமெண்ட் தரை போட்ட நீளமான நடை. இரண்டு பக்கமும் கதவுகள். ஆரம்பத்தில் சின்னச் செருப்பு ஒரு ஜோடி கழற்றிவிடப்பட்டிருந்தது.

"செருப்பு கெடக்குது" என்றார் டாக்டர். "அப்ப ஆளு உள்ளதான்."

"எந்த ரூம்புலீங்க?"

"அத நீங்கதான் சொல்லோணும். உங்க வயிறு."

"நான் உள்ள போய்ப் பாத்ததில்லீங்களே."

"ஆரும் பாக்கறதில்ல. அதான் பிரச்சனை. என்ன வாசிச்சீங்க?"

அந்தச் சொல்லை மறுபடி வாயால் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. உள்ளங்கையில் விரலால் எழுதிக் காட்டினேன். டாக்டர் தலையாட்டினார். அவருக்கு இதெல்லாம் பழக்கம்.

"போன மாசம் ஒரு டீச்சர் கணக்குப் புத்தகத்துல 'பெருக்கு'ன்னு வாசிச்சுப்போட்டாங்க. மூணு பொறந்துச்சு."

"அய்யோ" என்றார் நங்கை.

"மூணு பேரு கையிலயும் வெளக்குமாறு."

தனபால் மெதுவாகக் கேட்டார். "கண்டுபுடிக்கலீன்னா என்னங்க ஆகும்?"

"மாசம் நெறஞ்சா வலி எடுக்கும். கதவத் தொறந்து பாப்போம். ஆரும் இருக்க மாட்டாங்க. சொன்ன சொல்லக் காப்பாத்தற கொழந்தைங்க. நாம கண்ணால பாத்துக் கண்டுபுடிச்சாத்தான் உண்டு."

ஒன்பது வருஷம் இல்லாமல் இருந்த குழந்தை வேறு. வந்து, இருந்து, நான் சொன்னதைக் கேட்டு அதனாலேயே இல்லாமல் போகிற குழந்தை வேறு. முதலாவதை நான் தாங்கிக்கொண்டேன். இரண்டாவதைத் தாங்கிக்கொள்கிற உத்தேசம் எனக்கு இல்லை.

"கண்டுபுடிக்கறனுங்க" என்றேன்.

"இதுக்கு எதுக்கு இத்தன பேச்சு? கூப்புட்டா வந்துட்டுப் போகுது" என்று நங்கை என் வயிற்றுக்கு நேரே குனிந்தார். அவர் வாயைத் திறந்து முதல் எழுத்துக்கு உதட்டைக் குவிப்பதற்குள் டாக்டர் பாய்ந்து பொத்திவிட்டார்.

"அந்தச் சொல்லு ஆகாது. அப்பறம் நேரா வெளியதான் வரும். ஏழு மாசந்தான் ஆகுது. தாங்காது."

நங்கை கைக்குள்ளிருந்தே எதையோ சொன்னார். கோபமாகத்தான் சொன்னார்.

"'வாங்க'ன்னு மரியாதையாச் சொன்னாலும் ஆகாது" என்றார் டாக்டர், என்னிடம், ரகசியக் குரலில். "'ங்க' மூக்குச் சத்தம். அது வயித்தத் தாண்டி உள்ள போகாது. மொத எழுத்துதான் போகும். ஒளிஞ்சிருக்கறவங்களுக்குக் காது ரொம்பக் கூர்மை. எப்படா கூப்புடுவாங்கன்னு அதே நெனப்பாத்தான் உக்காந்திருப்பாங்க."

எப்படா கூப்பிடுவார்கள் என்று அது உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்த்தேன். பிறகு நினைக்காமல் இருக்க முடிவு செய்தேன். நினைத்தால் நானே கூப்பிட்டுவிடுவேன்.

ஆஸ்பத்திரியில் யாரும் அந்த எழுத்தைச் சொல்லக்கூடாது என்று எல்லாருக்கும் சொல்லிவிட்டார்கள். எல்லாரும் நல்ல மனிதர்கள், ஒத்துக்கொண்டார்கள். ஆனால் நோயாளிகளைப் பார்க்க வந்தவர்கள் கிளம்பும்போது "வரட்டுங்களா?" என்பார்கள். அதற்குப் படுத்திருக்கிறவர் "வாங்க" என்று சொல்ல வேண்டும். சொன்னால்தான் கிளம்ப முடியும். இப்போது அதைச் சொல்ல ஆளில்லை. ஆஸ்பத்திரியில் நின்றுகொண்டு "போறேன்" என்று சொல்லிவிட்டுப் போக யாருக்கும் துணிச்சல் இல்லை. ஆகவே ஒருவரும் போகவில்லை.

காலையில் வந்தவர்கள் நின்றார்கள். அவர்களோடு மத்தியானம் வந்தவர்களும் சேர்ந்து நின்றார்கள். படியெல்லாம் ஆட்கள். வாசல் பக்கம் ஆப்பிள் பையோடு நின்ற ஒருவர் நின்று நின்று தூணாகிவிட்டார். அவர்மேல் கண் தானம் பற்றிய சுவரொட்டியை ஒட்டினார்கள். அவருடைய மனைவி பையை மட்டும் வாங்கிக்கொண்டார்.

"சித்த வெரசா கண்டுபுடிங்கம்மிணி" என்றார் ஒரு பெரியவர். "நாங்க அந்தியூர் போகோணும்."

"அந்தியூர் பஸ் அஞ்சாவது நடைமேடைங்க" என்றேன்.

"மூணு" என்றார் அவர்.

அவரோடு வாதம் பண்ண எனக்கு நேரமில்லை.

ஸ்கேன் அறையில் ஓர் உள்கதவு இருந்தது. இத்தனை மாதமும் அது பாத்ரூம் என்று நினைத்திருந்தேன். திறந்தேன். திரையில் பார்த்த அதே நடை. செருப்பு அங்கேயே கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். என் கட்டைவிரல் நீளம்கூட இல்லை. ஒரு செருப்பில் வார் அறுந்து, தைத்திருந்தது. யாரிடம் கொடுத்துத் தைத்தது என்று தெரியவில்லை. எனக்குத் தெரியாமல் அது இத்தனை தூரம் நடந்திருக்கிறது என்று மட்டும் தெரிந்தது.

"நானும்…" என்று ஆரம்பித்த தனபால் அடுத்த சொல்லை விழுங்கினார். அது தொண்டையில் இறங்குவதைப் பார்த்தேன்.

"ஒருத்தருக்குத்தான் எடம்" என்றார் டாக்டர். "நீங்க திரையப் பாத்துக்கங்க."

வீட்டிலிருந்து கையோடு கொண்டுவந்திருந்த அறிவியல் புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு நான் உள்ளே நடந்தேன். என் வயிறு எனக்கு முன்னால் போனது. அதற்குள் நான் போனேன். இதில் குழப்பம் ஒன்றும் இல்லை. ஏழு மாதமானவர்கள் எல்லாரும் இப்படித்தான் நடக்கிறார்கள்.

முதல் கதவைத் திறந்தேன். உள்ளே என் பழைய பள்ளிக்கூடச் சீருடைகள் கொடியில் காய்ந்துகொண்டிருந்தன. இன்னும் ஈரம் போகவில்லை. இரண்டாவது கதவைத் திறந்தேன். திருநீறு, குங்குமப் பொட்டலங்கள் தரையிலிருந்து கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன. ஒன்பது வருஷமாக நங்கை கொண்டுவந்து கொடுத்தவை. அவற்றை நான் எங்கே வைத்தேன் என்று அவர் கேட்கும்போதெல்லாம் பத்திரமாக இருக்கிறது என்று சொல்வேன். பத்திரமாகத்தான் இருந்தன.

மூன்றாவது அறையில் ஒருவர் மூட்டை கட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகம் பச்சையாக இருந்தது.

"ஆருங்க நீங்க?"

"மசக்கைங்க."

"நீங்க மூணு மாசத்தோட போயிருக்கோணுமில்லீங்க?"

"வேல முடிஞ்சுதுங்க. லாரிக்குப் பாத்துட்டு உக்காந்திருக்கறன்."

"எங்கொழந்தயப் பாத்தீங்களா?"

"பாத்தா சொல்லக்கூடாதுன்னு சொல்லியிருக்குதுங்க."

"ஆரு?"

"கொழந்தைங்க."

"பேசுமா?"

"பேசாதுங்க. ஏதாச்சும் சொன்னா 'ம்' கொட்டும். அதுலயே எல்லாம் புரிஞ்சிரும்."

அவர் எழுந்து மூட்டையைத் தோளில் ஏற்றினார். "அப்ப, வரட்டுங்களா?" என்றார்.

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மூட்டையை இறக்கி வைத்து மறுபடி உட்கார்ந்தார். எனக்குக் குமட்டியது.

ஆனால் வழி கிடைத்துவிட்டது. நான் ஏதாவது சொல்ல வேண்டும். அது 'ம்' கொட்டும். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். கதை சொல்லலாம் என்றால் கதையில் வினைச்சொல் இல்லாமல் முடியாது. ராஜா ஓடுவான், விழுவான், வெட்டுவான், சாவான். என் குழந்தை எதையும் விட்டுவைக்காது. வினைச்சொல்லே இல்லாமல் நான் நாள் முழுக்கச் சொல்லக்கூடியது ஒன்றுதான் உண்டு. ஊர்ப் பெயர்கள்.

"பவானி" என்றேன், வேலையில் சொல்கிற குரலில், நடுவிலிருந்த அந்த எழுத்தை மட்டும் மென்று விழுங்கி.

தூரத்தில் "ம்" என்று கேட்டது.

சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதன் குரலை நான் கேட்டது அப்போதுதான். கொஞ்சம் கரகரப்பான குரல். தனபால் தூங்கி எழுந்தால் அப்படித்தான் இருக்கும்.

கவனித்தபோது நடை முன்பைவிட நீளமாகியிருந்தது. சரியாகப் பவானி போகிற தூரத்துக்கு நீண்டிருந்தது. ஆற்று வாசனை அடித்தது. சந்தோஷத்தில் இதை யோசிக்காமல் "அந்தியூர்" என்றேன். "ம்" என்றது. நடை அந்தியூர் வரைக்கும் போனது. அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் பழக்கத்தில் "சத்தியமங்கலம், மைசூர்" என்று சொல்லிவிட்டேன்.

நடை மலையேறியது. சுவரெல்லாம் பனி பிடித்தது. கொண்டை ஊசி வளைவுகளில் கதவுகள் சாய்ந்து நின்றன. 'ம்' கொசுச் சத்தம்போல ஆகிவிட்டது.

"சுகந்தி" என்று கூரையிலிருந்து தனபாலின் குரல் வந்தது. அவர் திரைக்குப் பக்கத்தில் வாயை வைத்துப் பேசுகிறார் என்று புரிந்தது. "எங்க போற? திரைல புள்ளியாட்டத் தெரியற."

"மைசூர் வரைக்கும் நீட்டிப்போட்டனுங்க."

"ஸ்வெட்டர் எடுக்கலியே."

"மைசூர் செல்லும் பேருந்து இன்று ரத்து" என்று அறிவித்தேன். நடை தடதடவென்று மடிந்து பின்னால் வந்தது. பஸ் இல்லை என்று சொன்னால் மட்டும் என்னை எல்லாரும் உடனே நம்புவார்கள்.

இனிப் பக்கத்து ஊர்கள் மட்டும் என்று முடிவு செய்தேன். "பெருந்துறை" என்றேன். "ம்." இடது பக்கம். நடந்தேன். "சென்னிமலை." "ம்." இன்னும் கிட்டத்தில். "விஜயமங்கலம்." "ம்." நேர் எதிரே, கடைசிக் கதவுப் பக்கம். கிட்டத்தட்டப் பிடித்துவிட்டேன். இன்னும் ஒரே ஓர் ஊர் போதும்.

"ஊத்துக்குளி" என்றேன்.

'ம்' வரவில்லை. தண்ணீர் ஊற்றுகிற சத்தம் வந்தது.

ஒரு குவளை. இன்னொரு குவளை. ஊத்து என்றால் ஊற்றுகிறது. குளி என்றால் குளிக்கிறது. எத்தனையோ வருஷமாக அந்த ஊரின் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதற்குள் இரண்டு வேலைகள் இருப்பதை ஒரு நாளும் கவனித்ததில்லை. ஊத்துக்குளிக்காரர்களே கவனித்திருக்க மாட்டார்கள்.

கடைசிக் கதவின் அடியிலிருந்து தண்ணீர் வெளியே வந்தது. வெதுவெதுப்பாக என் பாதத்தில் பட்டது.

"என்னங்க சத்தம்?" என்று டாக்டரின் குரல் கேட்டது.

"குளிக்குதுங்க."

"எந்தத் தண்ணீல குளிக்குது? அது பனிக்குடத்துத் தண்ணீங்க! தீந்துதுன்னா கூப்புடாமயே பொறந்துரும்!"

ஓடினேன். ஏழு மாத வயிற்றோடு, ஏழு மாத வயிற்றுக்குள், ஈரத்தரையில் ஓடினேன். கதவைத் தட்டினேன். உள்ளே குவளை ஒரு நொடி நின்றது. "ம்?" என்று கேள்வியாக ஒரு குரல். பிறகு மறுபடி ஊற்ற ஆரம்பித்தது. சொன்ன வேலையைப் பாதியில் விடுகிற குழந்தை இல்லை.

கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு சரியான சொல்லைத் தேடினேன். "நிறுத்து" என்று சொல்லலாம். எதை நிறுத்தும்? மூச்சை நிறுத்திவிட்டால்? "நில்" என்று சொல்லலாம். அதன் தலை கீழே இருக்க வேண்டிய சமயம். நின்றுவிட்டால் கால்தான் முதலில் வரும். "மூடு" என்றால் கண்ணை மூடும். "விடு" என்றால் எதை விடுமோ? தமிழில் எந்த வினைச்சொல்லை எடுத்தாலும் அது ஒரு கட்டளையாக இருந்தது. முப்பத்து மூன்று வயது வரைக்கும் இந்த மொழியை இவ்வளவு அலட்சியமாகப் பேசியிருக்கிறேனே என்று இருந்தது.

எனக்குப் பயமாக இருந்தது. பயமாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லவும் முடியவில்லை. அதையும் அது கேட்டுக்கொண்டு பயந்துவிடும். தண்ணீர் கணுக்கால் வரைக்கும் வந்தது. நான் நகரவில்லை. சொல் கிடைக்காமல் இந்தக் கதவை விட்டுப் போவதில்லை என்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

அப்போது கூரையிலிருந்து நங்கையின் குரல் வந்தது. அவர் திரையை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கியிருக்க வேண்டும். நடையே ஆடியது.

"எத்தன நேரந்தான் பாத்துட்டு நிக்கறது! ஒம்பது வருசமா பாத்தாச்சு! தண்ணி போகுதில்லோ! எங்கண்ணு, எஞ்சாமி—"

"நங்க! சொல்லாதீங்க!" என்று கத்தினேன்.

"வா!" என்றார் நங்கை.

அந்த எழுத்து நடைக்குள் இறங்கியது. முதலில் வெளியேதான் வேலை செய்தது. காத்திருந்த கூட்டம் மொத்தமும் அதைத் தங்களுக்குச் சொன்ன பதிலாக எடுத்துக்கொண்டது. "சரிங்க", "சரிங்க" என்று ஆயிரம் செருப்புகள் படியிறங்குகிற சத்தம் கேட்டது. மூன்றாவது அறையிலிருந்து மசக்கை மூட்டையோடு வெளியே ஓடினார். எழுத்து அவரைத் தாண்டி, கதவுகளை ஒவ்வொன்றாக அதிரவைத்துக்கொண்டு, என்னைப் பார்த்து வந்தது. கையை விரித்து மறித்தேன். சத்தத்தை யார் மறிக்க முடியும்? என் அக்குளுக்குக் கீழே நுழைந்து சாவித் துவாரத்துக்குள் போனது.

உள்ளே குவளை நின்றது. எழுந்திருக்கிற சத்தம் கேட்டது.

வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே எனக்கு ஒன்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பாதி வாயை விட்டுப் போன அறிவிப்பைத் திரும்பப் பிடிக்க முடியாது. மீதியைச் சொல்லி முடிக்கத்தான் முடியும். சாவித் துவாரத்தில் வாயை வைத்தேன். அந்த 'வா' இன்னும் அடங்கவில்லை. அதன் வாலிலேயே ஓர் எழுத்தை ஒட்டினேன்.

"சி" என்றேன்.

உள்ளே அது 'வாசி' என்றுதான் கேட்டிருக்க வேண்டும். ஏனென்றால் அடுத்து வந்தது குவளையைத் தரையில் வைக்கிற சத்தம். பிறகு தாழ்ப்பாள் விலகியது. கதவு ஒரு விரற்கடை திறந்தது. இடுக்கு வழியாக ஒரு கை வெளியே நீண்டது. ஈரமான, ஊறிப்போய் விரல்நுனி சுருங்கின, உள்ளங்கையை மேலே காட்டின கை.

வாசிக்க அதனிடம் எதுவும் இல்லை. புத்தகத்தை அந்தக் கையில் வைத்தேன். கை உள்ளே போனது. உள்ளே இருட்டு. இருட்டில் யாராலும் வாசிக்க முடியாது. கதவு முழுதாகத் திறந்தது. குழந்தை புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே நடந்து, நடையின் குண்டு பல்புக்கு அடியில் போய், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தது. தலைகீழாக உட்கார்ந்தது. புத்தகத்தையும் தலைகீழாகப் பிடித்தது. ஆகவே எல்லாம் நேராக இருந்தது.

"தெரியுது! தெரியுது!" என்று கூரையில் தனபாலின் குரல் உடைந்தது. அவர் அழுகிற சத்தத்தை ஒன்பது வருஷத்தில் நான் கேட்டதில்லை.

"தல கீழ, கால் மேல. அருமை" என்றார் டாக்டர். "தண்ணியும் போதுமான அளவு இருக்குது."

"பையனுங்களா, பொம்பளப் புள்ளைங்களா?" என்றார் நங்கை.

"சொல்லக் கூடாது" என்றார் டாக்டர்.

நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். புருவம் சுருங்கியிருந்தது. முடியிலிருந்து தண்ணீர் சொட்டிப் பக்கம் நனைந்தது. அது என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எனக்கு அதில் வருத்தம் இல்லை. இருக்கிறது, கண்ணுக்குத் தெரிகிறது, அதற்குமேல் எனக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

"ஸ்கேன் முடிஞ்சுதுங்க. வெளிய வாங்க" என்றார் டாக்டர். இப்போது அந்த எழுத்தால் ஆபத்து இல்லை. வாசிக்கிற குழந்தைக்கு வேறு எதுவும் காதில் விழாது.

திரும்பி நடக்க ஒரு காலை எடுத்து வைத்தேன். அப்போது குழந்தை சத்தமாக வாசிக்க ஆரம்பித்தது. விரலை வைத்து, எழுத்து எழுத்தாக. தாவரங்களைப் பற்றிய பாடத்தைத் திறந்திருந்தது.

"தா" என்றது.

நின்றேன். என்னிடம் என்ன இருக்கிறது? நைட்டியின்மேல் போட்டிருந்த துண்டை எடுத்துக் கொடுத்தேன். வாங்கித் தலையைத் துடைத்துக்கொண்டது.

"வரங்கள்" என்றது.

"எங்கிட்ட அதெல்லாம் இல்லியே கண்ணு" என்றேன். "ரெண்டாவது ரூம்புல பொட்டலம் பொட்டலமா இருக்குது. அப்பறமா எடுத்துத் தாறேன்."

"ம்" என்றது. விரல் அடுத்த சொல்லுக்கு நகர்ந்தது. அதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தது. உதடு இரண்டு தடவை அசைந்தது.

"இரு" என்றது.

தாவரங்கள் இரு வகைப்படும். அந்த வரி எனக்குத் தெரியும். அதற்கப்புறம் இன்னொரு சொல் மிச்சம் இருப்பதும் தெரியும். குழந்தை அதற்குப் போகவில்லை. விரலை அங்கேயே வைத்துக்கொண்டு, முதல் தடவையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தது.

காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் ஜனங்களைக் கிளப்பி அனுப்புவதுதான் என் பிழைப்பு. எத்தனையோ பேரை எத்தனையோ ஊருக்கு அனுப்பியிருக்கிறேன். என்னை ஒருவரும் இருக்கச் சொன்னதில்லை.

"சுகந்தி" என்றார் தனபால், மேலிருந்து. "ஊட்டுக்குப் போலாமா?"

"நீங்க போங்க" என்றேன். "என்னைய இருக்கச் சொல்லியிருக்குது."

நைட்டியை முழங்காலுக்கு ஏற்றிக்கொண்டு, குழந்தைக்கு எதிரே, ஈரத்தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.